ஏற்கனவே சுகர் இருக்கிறவருக்கு அந்தப் படம் என்ன சொல்கிறது?

சிகரெட் பாக்கெட்டை எப்போதாவது முழுசாகப் பார்த்திருக்கிறீர்களா நண்பர்களே? பிடிக்காதவர்கள்தான் அதிகம் பார்த்திருப்போம் என்று நினைக்கிறேன். பிடிக்கிறவர்கள் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டார்கள் :-)

நான் பி.காம். படிக்கிறவன். டாக்டர் இல்லை, அறிவுரை சொல்லும் வயசும் இல்லை. ஆனால் மார்க்கெட்டிங் பாடத்தில் லேபிள் பற்றி ஒரு அத்தியாயம் உண்டு. பொருளை அடையாளம் காட்ட வேண்டும், அதைப் பற்றி விவரம் சொல்ல வேண்டும், வாங்க வைக்க வேண்டும் என்று வரிசையாகப் படித்துப் பரீட்சையில் எழுதுவோம். "வாங்காதே" என்று சொல்லும் லேபிளோடு ஒரு பொருள் ஊர் ஊராக விற்கிறது என்றால் அது புகையிலைதான். அந்த லேபிள் வேலை செய்கிறதா, செய்தால் யாரிடம் செய்கிறது என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்கள் இன்னும் நோய் வராதவனிடம் பேசுகின்றன. ஏற்கனவே சுகர், பி.பி., ஹார்ட், டி.பி. என்று ஏதோ ஒன்று வந்து, கையில் மாத்திரையும் வாயில் பீடியுமாக இருக்கிறவரிடம் பேசவில்லை. உண்மையில் இன்றைக்கே அதிக ஆபத்தில் இருப்பவர் அவர்தான்.

கொஞ்சம் வரலாறு

1975-ல் வந்த சட்டம்தான் சிகரெட் பாக்கெட்டில் "புகை பிடித்தல் உடல்நலத்திற்குக் கேடு" என்ற வரியைக் கட்டாயமாக்கியது. அது சிகரெட்டுக்கு மட்டும். பீடிக்குக் கிடையாது. 2003-ல் வந்த புதிய சட்டம் பீடி, குட்கா எல்லாவற்றையும் சேர்த்தது. படம் போட வேண்டும் என்று விதி வந்து, பல முறை தள்ளிப்போய், கடைசியில் 2009 மே 31-ல்தான் படம் வந்தது. அதுவும் முன்பக்கத்தில் மட்டும், 40 சதவீத இடத்தில். சிகரெட்டுக்கு நுரையீரல், மெல்லும் புகையிலைக்குத் தேள். தேள் படத்தைப் பார்த்து இது என்ன ராசி பலனா என்று கேட்டவர்களும் உண்டு.

பிறகு 2014 அக்டோபரில் இரண்டு பக்கமும் 85 சதவீதம் என்று அறிவித்தார்கள். 2015 ஏப்ரல் 1-ல் அமலாக வேண்டியது. அதற்குள் ஒரு நாடாளுமன்றக் குழு நிறுத்தி வைக்கச் சொன்னது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்று அந்தக் குழுவின் தலைவர் திலீப் காந்தி சொன்னார். அதே குழுவில் இருந்த ஷியாமா சரண் குப்தா பீடித் தொழில் நடத்தியவர். சர்க்கரை, அரிசி, உருளைக்கிழங்கு சாப்பிட்டால் கூடத்தான் நீரிழிவு வருகிறது, அதற்கெல்லாம் எச்சரிக்கை போடுவீர்களா என்ற பொருளில் அவர் கேட்டது பத்திரிகைகளில் வந்தது. (இந்த சுகர் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.) ஒரு வருடம் தள்ளி 2016 ஏப்ரல் 1-ல் 85 சதவீதம் அமலானது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்ய, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை கொடுத்தது. 2018 செப்டம்பர் 1 முதல் படத்தோடு 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணும் சேர்ந்தது.

ஒரு படத்துக்கு இத்தனை இழுபறி நடந்திருக்கிறது என்றால், கம்பெனிகள் அந்தப் படத்துக்குப் பயப்படுகின்றன என்று அர்த்தம். ஆகவே "படத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று டீக்கடையில் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நினைத்தவர்கள் அதிகம், முயன்றவர்கள் அதே அளவு

மத்திய அரசு இரண்டு பெரிய கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. ஒன்று 2009-10, இன்னொன்று 2016-17. எச்சரிக்கையைப் பார்த்து "விட்டுவிடலாமா" என்று நினைத்த சிகரெட் பிடிப்பவர்கள் முதல் கணக்கில் 38 சதவீதம். இரண்டாவதில் 62 சதவீதம். பீடி பிடிப்பவர்களில் 29-லிருந்து 54. பெரிய ஏற்றம். படம் மனசைத் தொட்டிருக்கிறது.

ஆனால் அந்த 12 மாதத்தில் நிஜமாகவே விட முயற்சி செய்தவர்கள்? இரண்டு கணக்கெடுப்பிலும் 38 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. நகரவே இல்லை. பெரிய படம் வந்து சில மாதங்களிலேயே இரண்டாவது கணக்கு எடுத்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இருந்தாலும் நினைப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருப்பது தெரிகிறது. அந்தப் பள்ளத்தில் விழுந்து கிடப்பவர்களில் நோயாளிகள் முக்கியமானவர்கள்.

"அது கேன்சர் வர்றவனுக்கு"

எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளிதான் உயிர். விடியற்காலையில் வண்டியில் பெட்டி ஏற்றுகிறவர்கள், மண்டிக்கு வரும் விவசாயிகள், டிரைவர்கள் என்று டீக்கடை நான்கு மணிக்கே களை கட்டிவிடும். எனக்கு மாமா முறை வேண்டிய ஒருவர் அங்கே லோடு ஏற்றுகிறார். சுகர் வந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. மாத்திரை ஒழுங்காகப் போடுவார். டீயில் சர்க்கரை போட்டால் கடைக்காரரோடு சண்டைக்கே போவார். அப்படி சர்க்கரை இல்லாத டீயை வாங்கிக்கொண்டு ஒரு பீடி பற்ற வைப்பார்.

"மாமா, அந்தக் கட்டுல என்ன படம் போட்டிருக்குன்னு பாத்தீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாத்தேன் மாப்ள. அது கேன்சர் வர்றவனுக்குப் போட்டது. நமக்கு சுகருதான" என்றார்.

சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு போய்விட்டது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் அவர் படித்திருக்கிறார். 2018-க்குப் பிறகு வந்த வரிகளைப் பாருங்கள்: புகையிலை புற்றுநோய் உண்டாக்கும், புகையிலை வேதனையான மரணம் தரும், புகையிலை பயன்படுத்துவோர் சீக்கிரம் இறப்பார்கள். படமும் பெரும்பாலும் வாய், தொண்டைப் புற்றுநோய்தான். சுகர் என்ற வார்த்தை எங்கே இருக்கிறது? கால் எங்கே இருக்கிறது?

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. "எல்லா நோயும் வந்தாச்சு, இனிமேல் விட்டு என்ன ஆகப்போகுது?" என்பவர்கள். இவர்களிடம் "சீக்கிரம் செத்துப்போவாய்" என்றால் "தெரியுமே" என்பார்கள். கன்ஸ்யூமர் பிஹேவியர் பாடத்தில் பயமுறுத்தும் விளம்பரம் பற்றி ஒரு விஷயம் படிக்கிறோம். பயத்தைக் காட்டினால் கூடவே தப்பிக்கும் வழியையும் காட்ட வேண்டும். வழி தெரியாதவன் பயத்திலிருந்து தப்பிக்க, பயமுறுத்தும் பொருளையே பார்க்காமல் இருந்துவிடுவான். பெட்டிக்கடையில் "அந்தப் படம் வேணாம், வேற படம் போட்டது குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்குகிறவர் செய்வது இதைத்தான்.

நோய் வந்தவருக்குப் புகை என்ன செய்கிறது

முதலில் சுகர். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. புகை பிடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பே 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று அமெரிக்க அரசின் 2014 அறிக்கை சொல்கிறது. வந்த பிறகு கதை இன்னும் மோசம். சுகர் காலின் நரம்பை மரத்துப்போக வைக்கும், புகை காலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். செருப்பில்லாமல் தோட்டத்தில் நடக்கிற மனுஷனுக்கு ஒரு முள் குத்தினால் வலி தெரியாது. வலி தெரியாததால் கவனிக்க மாட்டார். ரத்தம் போகாததால் புண் ஆறாது. முதலில் விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். இந்த வரிசையை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "சுகர்ல கால எடுத்துட்டாங்க" என்போம். அந்த வாக்கியத்தில் பீடிக்கும் பங்கு உண்டு, நாம் சேர்த்துச் சொல்வதில்லை.

நாடாளுமன்றக் குழுவில் இருந்த ஒருவர் சர்க்கரையையும் அரிசியையும் காட்டி எச்சரிக்கையைக் கேள்வி கேட்டார் அல்லவா? இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. அந்தக் கோடிக்கணக்கானவர்களில் புகை பிடிக்கிறவர்களுக்கு, அரிசியை மட்டும் குறைத்தால் போதாது என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

அடுத்தது டி.பி. இதில் நம் மாநிலத்து ஆய்வே இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலானோர் தமிழ்நாட்டில் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை உயிரோடு இருக்கும் 35,000 பேரோடு ஒப்பிட்டார்கள். 2003-ல் லான்செட் இதழில் வந்தது. நகரத்திலும் சரி கிராமத்திலும் சரி, புகை பிடிப்பவர்கள் காசநோயால் சாகும் அபாயம் நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகைதான் காரணம் என்று முடிவு சொன்னார்கள். இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்று 2015-ல் டெல்லியில் பேசியபோது, புகையிலையால் எத்தனை பேர் சாகிறார்கள் என்று கணக்கிட்ட இந்த ஆய்வு வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது! இன்னொன்று, சுகர் உள்ளவர்களுக்கு டி.பி. வரும் அபாயமே மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. சுகரும் பீடியும் சேர்ந்தால் என்ன கணக்கு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஹார்ட். இதுதான் "இனிமேல் விட்டு என்ன" என்பவர்களுக்கான பதில். ஏற்கனவே இருதய நோய் வந்தவர்கள் பற்றிய 20 ஆய்வுகளைத் தொகுத்து 2003-ல் ஒரு கட்டுரை வந்தது. நோய் வந்த பிறகு புகையை விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிட இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவு. நோய் வந்த பிறகு விட்டாலே இவ்வளவு லாபம். தினம் காசு கொடுத்து மாத்திரை வாங்குகிறோமே, பைசா செலவில்லாத, மாறாகக் காசு மிச்சமாகிற ஒரு மருந்து இது. வணிகவியல் மாணவனாக இதைவிட நல்ல டீல் எனக்குத் தெரியாது.

பாக்கெட்டே கைக்கு வராதவர்

இன்னொரு நடைமுறைப் பிரச்சினையும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் முழு பாக்கெட் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் ஒன்று, இரண்டு என்று உதிரியாகத்தான் வாங்குகிறார்கள். பாக்கெட் கடைக்காரரிடம் இருக்கும். ஒரு சிகரெட் மட்டும் கைமாறும். தொங்கும் லைட்டரில் பற்ற வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். 85 சதவீதப் படத்தை முழுசாகப் பார்ப்பது கடைக்கார அண்ணன் மட்டும்தான். டெல்லியில் அத்தனை வருடம் சண்டை போட்டு வாங்கிய படம் எங்கள் ஊரில் கல்லாவுக்குப் பக்கத்தில் தூங்குகிறது.

பக்கத்து மாநிலமான கர்நாடகா 2017-ல் உதிரி விற்பனையைத் தடை செய்தது. மகாராஷ்டிரா 2020-ல் செய்தது. கனடா வேறு வழியில் போனது. 2023-ல் கொண்டுவந்த விதிப்படி ஒவ்வொரு சிகரெட்டின் மேலும் எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும். உதிரியாக வாங்கினாலும் விரலுக்கு நடுவில் அந்த வரி இருக்கும்.

உதிரி விற்பனையைத் தடை செய்தால் பெட்டிக்கடைக்காரர் பாதிக்கப்படுவார் என்ற வாதம் எனக்கும் புரிகிறது. அவருடைய அன்றாட வியாபாரத்தில் அது ஒரு பங்கு. அதனால்தான் கனடா வழி எனக்குப் பிடித்திருக்கிறது. செலவு கம்பெனிக்கு, கடைக்காரருக்கு இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

ஒன்று. படம் ஒரு வருடத்துக்கு ஒன்று என்று சுழற்சியில் மாறுகிறது. அதில் ஒரு சுற்றைச் சுகர் காலுக்குக் கொடுக்கலாம். இது புது யோசனை இல்லை. ஆஸ்திரேலியாவில் 2006-லேயே அழுகிய கால் படத்தோடு ரத்தக் குழாய் நோய் பற்றிய எச்சரிக்கையை சிகரெட் பாக்கெட்டில் போட்டார்கள். புற்றுநோய்ப் படத்தை எடுக்கச் சொல்லவில்லை. பதினாறு வயசுப் பையன் முதல் சிகரெட்டைத் தொடாமல் இருக்க அது தேவை. ஐம்பது வயசுக்காரருக்கு அவருடைய கால் தேவை.

இரண்டு. இதுதான் எனக்கு முக்கியம். எச்சரிக்கையை சிகரெட் பாக்கெட்டிலிருந்து மாத்திரை கொடுக்கும் இடத்துக்கும் கொண்டுவர வேண்டும். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கினார்கள். சுகர், பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற திட்டம். அந்த அக்கா மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது "அண்ணே, பீடி பிடிக்கிறீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை? காலக் காட்டுங்க" என்று கேட்டால் எப்படி இருக்கும்? மாத்திரைக் கவரின் மேல் "சுகரோடு புகை சேர்ந்தால் கால் போகும், இன்று விட்டாலும் பலன் உண்டு" என்று தமிழில் இரண்டு வரி இருந்தால்?

இது வெறும் ஆசை இல்லை, பக்கத்து மாநிலத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேரளத்தில் தங்கப்பன் என்ற ஆய்வாளரும் குழுவும், புகை பிடிக்கும் 224 நீரிழிவு நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் டாக்டர் "விட்டுவிடுங்கள்" என்று சொன்னார், சுகர் பற்றிய கையேடும் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக, டாக்டர் அல்லாத ஒரு சுகாதாரப் பணியாளர் அரை மணி நேரம் உட்கார்ந்து, சுகரையும் புகையையும் சேர்த்துப் பேசினார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அப்படிப் பேச்சுக் கிடைத்த பிரிவில் விட்டவர்கள் மற்ற பிரிவைவிடப் பல மடங்கு அதிகம். இந்த முடிவு 2013-ல் வெளியானது. அரை மணி நேரப் பேச்சு, அவ்வளவுதான்! அவருடைய நோயைப் பற்றி, அவருடைய மொழியில், முகத்தைப் பார்த்து ஒருவர் பேசியிருக்கிறார்.

மூன்று. அந்த 1800-11-2356 எண். படத்தைப் பார்த்துப் பயந்தவருக்கு வழி காட்டத்தான் அதைப் போட்டார்கள். 2016-ல் டெல்லியில் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கியது, 2018-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் உட்பட இன்னும் மூன்று இடங்களுக்கு விரிவானது. ஆனால் அந்த எண்ணும் பாக்கெட்டோடு கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. உதிரி வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. அதே எண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகர் நோட்டின் பின்பக்கம் அடித்தால் எவ்வளவு செலவாகும்? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதுமே.

ஒரு எதிர்வாதம்

"நோயாளியைப் போய் இன்னும் குற்றவாளி ஆக்குகிறாயா? இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான்" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மூட்டை தூக்குகிறவருக்கும் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டுகிறவருக்கும் பீடி ஒரு துணை. அதனால்தான் பயமுறுத்தல் மட்டும் போதாது என்கிறேன். "நீ கெட்டவன், செத்துப்போவாய்" என்று சொல்கிற பாக்கெட்டை விட, "உன் கால் உனக்கு வேணும், இப்ப விட்டாலும் மிச்சமாகும்" என்று சொல்கிற மனுஷி மரியாதையாக நடத்துகிறாள். உண்மையை முழுசாகச் சொல்வதில் என்ன அவமானம்? அரைகுறையாகச் சொல்லிவிட்டு, கால் போன பிறகு "சொன்னோமே, படம் போட்டோமே" என்பதுதான் அநியாயம்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. நம் எல்லோர் வீட்டிலும் மாத்திரையும் பீடியும் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சித்தப்பாவோ தாத்தாவோ இருப்பார். அவரிடம் கேன்சரைப் பற்றிப் பேசாதீர்கள், கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருப்பார். அவருக்கு என்ன நோயோ அதைப் பற்றிப் பேசுங்கள். சுகர் என்றால் காலைப் பற்றி, ஹார்ட் என்றால் அந்த 36 சதவீதத்தைப் பற்றி, டி.பி. என்றால் நான்கு மடங்கைப் பற்றி. முடிந்தால் அந்த இலவச எண்ணை அவர் போனில் போட்டுக் கொடுங்கள். பாக்கெட்டில் இல்லாத அந்த வரியை யாராவது சொல்லத்தானே வேண்டும்?